பெண்கள் உரிமைக் குழுவின் சட்டக் கல்வி வகுப்பும் ஆலோசனையும்: ஒரு மதிப்பீடு

உள்ளூர்ப் பெண்கள் உரிமைக் குழுவின் வகுப்புகளில் என்னை மிகவும் கவர்ந்தது, சட்டத்தை அச்சமின்றி அணுகக் கற்பிக்கும் முறைதான். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1979-இல் ஏற்றதும் 1981-இல் நடைமுறைக்கு வந்ததுமான, பெண்களுக்கு எதிரான அனைத்து வகைப் பாகுபாடுகளையும் ஒழிப்பதற்கான உடன்படிக்கையை முன்வைத்து, அதன் 11-ஆம் பிரிவு சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கோருவதையும், 16-ஆம் பிரிவு திருமணத்திலும் சொத்திலும் கணவன் மனைவி இருவருக்கும் ஒரே உரிமைகளை வலியுறுத்துவதையும் பயிற்றுநர் விளக்கினார். அத்துடன் நில்லாமல், மாதிரி ஊதியச் சீட்டுகளையும் ஒப்பந்தங்களையும் கையில் கொடுத்து, கையெழுத்திடும் முன் எவற்றைப் பார்க்க வேண்டும் என்று வரி வரியாகப் படிக்கவும் வைத்தார். வகுப்பின் உண்மையான பயன் இதுவே.

ஆலோசனைப் பிரிவை இதைவிடவும் உயர்வாக மதிக்கிறேன். வன்முறைக்கு ஆளாகி வரும் பெண்ணிடம் "ஏன் இத்தனை நாள் பொறுத்தீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை, அவர் சொல்வதை நம்பி, முதலில் அவருடைய பாதுகாப்பை உறுதிசெய்து, காவல்துறையில் புகார் அளிப்பதா, தங்குமிடம் தேடுவதா என்ற முடிவை அவரிடமே விடுகின்றனர்.

குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இல்லாதது பெருங்குறை. கைக்குழந்தையுடன் வரும் தாய்மார் பாதியிலேயே எழுந்து செல்ல நேர்வதால், இதைக் குழு விரைவில் சரிசெய்ய வேண்டும்.