பாரிஸில் அமெரிக்க பர்கர் கடையா? கார்டை நீட்டும் முன் பில்லைக் கேளுங்கள்

பாரிஸில் ஓப்பரா பக்கம், சுற்றுலாப் பயணிகள் மொய்க்கும் தெருக்களில், அமெரிக்க பாணி பர்கர் உணவகங்கள் நிறைய உண்டு. சிவப்பு ரெக்சின் சோபா, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரை, சுவரில் பழைய கார் நம்பர் பிளேட்டுகள் என்று எல்லாம் ஜோராக இருக்கும். மனைவி, மகளோடு போன ஊரில் அப்படி ஒரு கடையில் 103.50 யூரோ அழுதுவிட்டு வந்தோம். சாப்பிட்டது மூன்று பர்கர். கடையின் பெயர் வேண்டாம், வித்தை எப்படி நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

வித்தை இதுதான்: அலங்காரம் அமெரிக்காவுடையது, நம்மையும் அமெரிக்காவில் இருப்பதாகவே நினைக்க வைக்கிறார்கள். கோலா தீர்ந்தால் இலவசமாக நிரப்புவார்கள், டிப்ஸ் தனியாகக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஊர்ப் பழக்கம். பிரான்ஸில் சட்டமே வேறு.

முதலில் தண்ணீர். "வாட்டர்" என்றதும் கண்ணாடி பாட்டிலைத் திறந்தே கொண்டுவந்து வைத்தார் சர்வர். 7.50 யூரோ. அந்த நாட்டில் சாப்பிட உட்கார்ந்தவருக்குக் குழாய்த் தண்ணீர் இலவசம். கேட்டால் ஜாடியில் தர வேண்டும். 2022 முதல் இதை மெனுவிலோ பலகையிலோ கண்ணில் படும்படி எழுதியும் வைக்க வேண்டும். நான் தேடிய வரை அந்தக் கடையில் எங்கும் இல்லை. 'கராஃப் தோ' என்று கேளுங்கள், போதும்.

அடுத்து கோலா. எங்கள் மேசைக்கு நேர் எதிரே, 'வேண்டுமளவு குடிக்கலாம்' என்று ஆங்கிலத்தில் எழுதிய ஒரு பழைய தகரப் பலகை மாட்டியிருந்தது. டம்ளர் காலியானதும் சர்வர் தானாகவே வந்து, "ரீஃபில்?" என்றார். சரி என்றோம். பில்லில் அது இரண்டு புதுக் கோலாவாக, தலா 8 யூரோவுக்கு ஏறியிருந்தது. பலகையைக் காட்டிக் கேட்டால், "அது அலங்காரத்துக்கு சார்" என்கிறார்! உண்மையில் சர்க்கரை பானங்களை இப்படி அளவில்லாமல் இலவசமாக நிரப்பித் தருவதை 2017 ஜனவரியிலேயே பிரான்ஸ் தடை செய்துவிட்டது, உடல் பருமனைக் குறைக்க. அந்த ஊர்க் கடையில் யாராவது ரீஃபில் வேண்டுமா என்று கேட்டால் அது காசுக்குத்தான்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். மாடு வேண்டாம், பன்றி வேண்டாம் என்று ஆர்டர் சொல்லும்போதே சொன்னோம், தலையாட்டினார்கள். வந்த சிக்கன் பர்கரில் சீஸுக்கு மேல் பேக்கன் பட்டை. திருப்பி அனுப்பினால் ஒரு நிமிஷத்தில் அதே பர்கர் பேக்கனை மட்டும் உருவிவிட்டு வந்து நின்றது. சீஸில் அந்தப் பட்டையின் அச்சு எண்ணெயோடு அப்படியே பதிந்திருந்தது. மனைவி தட்டைத் தள்ளிவைத்துவிட்டாள். அதற்கும் முழு விலை, 18.50. மாடு சாப்பிடாதவர்கள் உருளைக்கிழங்கு வறுவலைப் பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள். வட பிரான்ஸ், பெல்ஜியம் பக்கம் அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம்.

பெரிய அடி கடைசியில்தான். பில் தராமல் நேராகக் கார்டு மெஷினை நீட்டினார். திரையில் 10, 15, 20 சதவீதம் என்று மூன்று பெரிய பொத்தான்கள். டிப்ஸ் வேண்டாம் என்பது கீழே ஓரத்தில் சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டால்தான் தெரியும். "சர்வீஸ் சேரவில்லை சார்" என்றார், பக்கத்திலேயே நின்றுகொண்டு. 15 சதவீதம் போட்டதில் 13.50 யூரோ போனது. அப்புறம் யூரோவா ரூபாயா என்று ஒரு திரை வந்தது. நான் படித்து முடிப்பதற்குள் அவரே கையை நீட்டி ரூபாயைத் தட்டிவிட்டார். இது பகல் கொள்ளை. ரூபாயில் எடுத்தால் மாற்று விலையை முடிவு செய்வது நம் வங்கி அல்ல, மெஷின்காரன். அதில் அவனுக்கு ஒரு லாபம் இருக்கும், சில இந்திய வங்கிகள் அதற்கு மேலும் தனிக் கட்டணம் போடுகின்றன. எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். தேர்வு கார்டு வைத்திருப்பவருடையது, கடைக்காரருடையது அல்ல என்பதுதான் விசா, மாஸ்டர்கார்டு இரண்டின் விதியும்.

விவரமான பில் கேட்டபோது பிரிண்டர் வேலை செய்யவில்லை என்றார்கள். கல்லாவில் போய் நின்ற பிறகு பிரிண்டர் எப்படியோ சரியாகிவிட்டது.

மறுநாள் லா ஷப்பேலில், நம் ஈழத்தமிழர் கடைகள் இருக்கும் தெருவில், இடியாப்பம் சாப்பிடப் போனோம். கடைக்கார அண்ணன் பல வருஷம் பிரெஞ்சு உணவகங்களில் சமையல் வேலை பார்த்தவராம். பில்லை நீட்டினேன். அடியில் இருந்த வரியில் விரலை வைத்தார். "தம்பி, இதில சர்வீஸும் சேர்த்துத்தான் எண்டு அவங்களே அடிச்சு வச்சிருக்கிறாங்கள். பேந்து என்னத்துக்கு டிப்ஸ் குடுத்தனீங்கள்?"

பிரான்ஸில் மெனுவில் போட்டிருக்கும் விலையில் வரி, சேவைக் கட்டணம் எல்லாம் அடக்கம். அதற்கு மேல் கொடுப்பது முழுக்க நம் இஷ்டம். அங்குள்ளவர்கள் பிடித்திருந்தால் ஒன்றிரண்டு யூரோ சில்லறையை வைத்துவிட்டுப் போகிறார்கள், இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

உள்ளே போகும் முன் வாசலிலேயே விலைப்பட்டியலைப் பாருங்கள், வெளியே வைப்பது அங்கே கட்டாயம். கோலாவுக்கு அளவையும் சொல்லி ஆர்டர் செய்யுங்கள், சொல்லாவிட்டால் பெரியதுதான் வரும். 25 யூரோவும் அதற்கு மேலும் போனால் விவரமான பில் தருவது சட்டப்படி அவர்கள் கடமை. தகராறு என்றால் அரசின் 'சிக்னல்கோன்சோ' தளத்தில் புகார் எழுதலாம், நானும் எழுதியிருக்கிறேன். வெறும் கார்டு ரசீதில் தண்ணீரும் ரீஃபிலும் தெரியாது, மொத்தத் தொகை மட்டும்தான் இருக்கும். அதனால் மேசையை விட்டு எழுவதற்கு முன்பே பில்லைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.