புதுப் பனிவண்டி: இந்த வசந்தத்திலா, இன்னொரு பனிக்காலம் கழித்தா?

ஸ்னோமொபீல் எனப்படும் பனிவண்டியைச் செய்யும் நிறுவனங்கள் அடுத்த பனிக்காலத்துக்கான வண்டிகளைப் பெப்ரவரி, மார்ச் மாதங்களிலேயே காட்டி, ஏறக்குறைய ஏப்ரல் நடுப்பகுதி வரை முற்பணம் வாங்கிக்கொண்டு, கோடையில் அவற்றைக் கட்டி, இலையுதிர் காலத்தில் கையளிக்கின்றன. ஆகவே, பனி இன்னும் காலடியில் கிடக்கும்போதே, ஒன்பது மாதங்களுக்குப் பிறகு எவ்வளவு பனி விழும் என்று தெரியாமலே, வாங்குபவர் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. வட ஒன்ராறியோவில் சட்பரிக்கு அருகே வாழும் நான் இந்த முடிவின் முன் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். 2023 வசந்தத்தில் முற்பணப் படிவத்தை நிரப்பிவிட்டுக் கையெழுத்திடாமல் திரும்பினேன். 2025 மார்ச்சில், முகவரின் முற்றத்தில் விற்காமல் நின்ற 2024ஆம் ஆண்டு மாதிரி ஒன்றை வாங்கினேன். எனவே காத்திருப்பதன் பக்கமே என் மனம் சாய்ந்திருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

புதிய வண்டி குளிரில் உடனே கிளம்பும், கைப்பிடி நன்றாகச் சூடேறும், குலுக்கல் குறைவு. பழையதற்குக் கடன் தவணை இல்லை. இவை எல்லோருக்கும் தெரிந்தவை.

முன்பதிவின் உண்மையான நன்மை வேறு. வண்டியைத் தள்ளும் ரப்பர்ப் பட்டையின் நீளம், அதன் பற்களின் உயரம், அதிர்வுதாங்கிகளின் தரம், எஞ்சின் ஆகியவற்றை நமக்கு வேண்டியபடி சேர்த்துக் கேட்கும் வாய்ப்பு பெரும்பாலும் வசந்தத்தில் மட்டுமே கிடைக்கிறது. இலையுதிர் காலத்தில் முகவரிடம் வந்து சேருபவை அவர் தமது கணிப்பில் வரவழைத்த பொதுவான வண்டிகள். இதனுடன், வசந்தத்தில் பதிவு செய்பவர்களுக்கு நீட்டிக்கப்பட்ட உத்தரவாதம் தருவதும் வழக்கம். செப்பனிட்ட தடங்களில் மட்டும் ஓடும் என் போன்றவர்களுக்கு இந்தத் தெரிவுச் சுதந்திரம் அவ்வளவு பெரிதல்ல. ஆழமான பனியில், காட்டுக்குள், நீண்ட பட்டையுடன் ஓட விரும்புபவருக்கு அதுவே எல்லாமாக இருக்கக்கூடும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளில் நான் ஓடியதில்லை என்பதால், அங்கு வாழ்பவர்கள் என் கணக்கைத் தமது கணக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி, என் முடிவைத் தீர்மானித்த ஒன்றுக்கு வருகிறேன். பனிவண்டி ஓடும்போது மட்டும் மதிப்பிழப்பதில்லை. கொட்டகையில் துணி போர்த்தி நிற்கும்போதும் மதிப்பிழக்கிறது. கார் வாங்குபவர் முதலில் எத்தனை கிலோமீற்றர் ஓடியது என்று கேட்பார். பனிவண்டியிலும் அந்தக் கேள்வி உண்டு, ஆனால் அதற்கு முன்னால் எந்த ஆண்டு மாதிரி என்ற கேள்வி வந்துவிடுகிறது. காருக்கு ஆண்டில் 365 நாள்கள் வேலை உண்டு. பனிவண்டிக்கு நல்ல ஆண்டில் பத்துப் பன்னிரண்டு வாரங்கள். அதிலும் வேலைக்குப் போகும் ஒருவருக்கு வார இறுதிகளும் சில விடுமுறை நாள்களுமே மிஞ்சும். ஆகவே ஆண்டொன்றுக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்பதை விட, ஓடிய நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பு என்று கேட்பதே சரியான கேள்வி என்று கருதுகிறேன்.

2023இல் சமையலறை மேசையில் நான் போட்ட கணக்கு இது. தொகைகள் என் ஊகங்களே, வாசிப்பவர் தமது ஊர் விலையை இட்டுப் பார்க்கலாம். வண்டியின் விலை 18,000 டொலர். ஒன்ராறியோவின் 13 வீத விற்பனை வரி 2,340 டொலர். மொத்தம் 20,340. அடுத்த ஆண்டு அதை 14,500 டொலருக்கு விற்க முடியும் என்று வைத்துக்கொண்டால் ஓராண்டு இழப்பு 5,840 டொலர். பலர் மறந்துவிடுவது அந்த வரியைத்தான்: வண்டியை விற்கும்போது விலையில் ஒரு பகுதி திரும்பி வரும், வரி திரும்பி வராது. இருபத்தைந்து நாள்கள் ஓடினால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 234 டொலர். ஆறு நாள்கள் மட்டும் ஓடினால் 973 டொலர். என்னிடம் அப்போது இருந்த, 2012ஆம் ஆண்டின் 600 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டிக்குச் சந்தையில் 4,500 டொலர் கிடைத்திருக்கும். அது ஓராண்டில் 400 டொலர் மதிப்பிழந்து, திருத்த வேலைக்கு 900 டொலர் விழுங்கினாலும் மொத்தம் 1,300. ஆறு நாள்கள் ஓடினால் கூட நாளொன்றுக்கு 217 டொலர்தான். அதாவது, பழைய வண்டியின் மிக மோசமான ஆண்டு, புதிய வண்டியின் நல்ல ஆண்டை விட மலிவாக வந்தது. (எரிபொருள், காப்புறுதி, தட அனுமதி ஆகியவற்றை இரண்டு பக்கத்திலும் விட்டுவிட்டேன்.)

ஆறு நாள்கள் என்ற எண்ணை எச்சரிக்கைக்காக மட்டுமே அன்று எழுதினேன், அதுவே நடந்தது. 2023-24 பனிக்காலத்தில், பசிபிக் கடல்நீர் வெப்பமடைந்து உலகின் வானிலையை மாற்றும் எல் நினோ வலுவாக நிலவியது. கனடா முழுவதற்குமாக 1948 முதல் வைத்திருக்கும் பதிவுகளில் மிக வெப்பமான பனிக்காலம் அதுதான். ஒன்ராறியோவின் தென்பகுதியில் பல தடங்கள் சில நாள்களே திறந்திருந்தன, சில திறக்கவே இல்லை. ஒன்ராறியோவின் தட வலையமைப்பு ஏறக்குறைய 30,000 கிலோமீற்றர் நீளமானது. அதைத் தொண்டர்களால் நடத்தப்படும் கழகங்கள் பராமரிக்கின்றன. பெரும்பகுதி தனியார் காணிகளின் ஊடாக, உரிமையாளரின் இசைவுடன் செல்வதால், மண் உறைந்து போதிய பனி படிந்தாலொழியத் தடத்தைத் திறக்க முடியாது. ஏரிகளைக் கடக்கும் தடங்களுக்குப் பனிக்கட்டியின் தடிப்பும் வேண்டும். அந்தப் பனிக்காலத்தில் எங்கள் பக்கத்து ஏரியை நம்பிக் கடந்தவர்கள் சிலரே. நான் அவர்களில் ஒருவனல்ல. அதே இலையுதிர் காலத்தில் புதிய வண்டியைக் கையேற்ற நண்பர் ஒருவர் மொத்தம் 400 கிலோமீற்றர் ஓடிவிட்டு அதைப் போர்த்திவைத்தார். அவர் வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏப்ரலில் அது ஓராண்டுப் பழைய வண்டியாகிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2024 நவம்பர் இறுதியில் ஜோர்ஜியன் குடாவின் ஏரிக்காற்றுப் பனி மஸ்கோகாப் பகுதியில் கொட்டியது. கிரேவன்ஹேர்ஸ்ட் நகரில் சில நாள்களுக்குள் ஒரு மீற்றருக்கும் மேல் குவிந்தது. அந்தப் பனிக்காலத்தில் நானும் என் பழைய வண்டியில் 21 நாள்கள் ஓடினேன். 2023இல் காத்திருந்தது சரி என்று அடுத்த ஆண்டு காட்டியது, அதற்கடுத்த ஆண்டு அவ்வளவு உறுதியாகக் காட்டவில்லை. பனியை முன்கூட்டிச் சொல்ல முடியாததால்தான், முடிவைப் பனி விழுந்த பிறகு எடுக்கும் உரிமையைக் கையில் வைத்திருப்பது எனக்குப் பெறுமதியாகப் படுகிறது. வசந்தத்தில் முற்பணம் கட்டுபவர் அந்த உரிமையைத்தான் கொடுத்துவிடுகிறார்.

காத்திருப்பவருக்குக் கிடைக்கும் இன்னொரு வழி, விற்காமல் மிஞ்சிய கடந்த ஆண்டு மாதிரி. மோசமான பனிக்காலத்துக்குப் பிறகு முகவர்களின் முற்றங்களில் வண்டிகள் தேங்கின, அவற்றின் மீது நிறுவனங்களே தள்ளுபடி அறிவித்தன. நான் வாங்கிய வண்டி 18,000 டொலர் பட்டியல் விலையிலிருந்து 14,200க்கு இறங்கியிருந்தது. என் பழைய வண்டிக்கு முகவர் 3,500 டொலர் தந்தார். பழையதை முகவரிடமே மாற்றாகக் கொடுத்தால், வித்தியாசத் தொகையான 10,700 டொலருக்கு மட்டுமே வரி. ஆக 455 டொலர் வரி மிச்சம். தனியாள் ஒருவர் 3,955 டொலருக்கு மேல் தந்தாலொழிய வெளியே விற்பதில் ஆதாயமில்லை என்பதால் அங்கேயே கொடுத்தேன். வரியுடன் கையிலிருந்து போனது 12,091 டொலர்.

ஆனால் இந்தத் தள்ளுபடியைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது. 2025 மார்ச்சில் வாங்கிய 2024 மாதிரி, அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் 2026 மாதிரிகள் வந்து இறங்கும்போது, கிலோமீற்றர் மானி எதைக் காட்டினாலும் இரண்டாண்டுப் பழையதாக எண்ணப்படும். தள்ளுபடியில் ஒரு பகுதி, நாம் இன்னும் அனுபவிக்காத தேய்மானத்துக்கான முன்பணமே. இரண்டு மூன்று ஆண்டுகளில் மாற்றிவிடும் பழக்கமுள்ளவருக்கு இது அவ்வளவு இலாபமில்லை. பத்தாண்டு வைத்திருக்க எண்ணுபவருக்கு அந்த ஓராண்டு வித்தியாசம் கரைந்துவிடும். நான் இரண்டாம் வகை.

என் தவறொன்றையும் சொல்லவேண்டும். உத்தரவாதம் எந்த நாளில் தொடங்குகிறது என்று நான் கேட்கவில்லை. வண்டியைப் பதிவு செய்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கியது என்பதைக் கோடையில் கடதாசிகளை அடுக்கும்போதுதான் கவனித்தேன். ஓராண்டு உத்தரவாதத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரையான எட்டு மாதங்கள் வண்டி அசையாமலே கழிந்தன. உண்மையில் எனக்குக் கிடைத்தது ஒரு பனிக்காலத்துக்கான உத்தரவாதம், அதுவும் மார்ச்சில் முடிந்துவிடும். முகவர் எதையும் மறைக்கவில்லை, கேட்காதவன் நான்தான். தள்ளுபடியுடன் இரண்டாம் ஆண்டு உத்தரவாதத்தையும் கேட்டுப் பேரம் பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடும். வசந்தத்தில் பதிவு செய்து இலையுதிர் காலத்தில் கையேற்பவருக்கு இந்தச் சிக்கல் குறைவு என்பதும், நீட்டிப்பும் சேர்ந்தால் அவருடைய நிலை என்னுடையதைவிட நன்று என்பதும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டியவை.

காத்திருப்பதற்கும் செலவுண்டு. பழைய வண்டியில் டிரைவ் பெல்ற், ஸ்கீக்கு அடியிலுள்ள கார்பைட் கம்பிகள், பட்டை வழுக்கி ஓடும் பிளாஸ்ரிக் சட்டங்கள், சக்கரங்களின் பெயாரிங்குகள், சங்கிலிப் பெட்டி எண்ணெய் ஆகியவற்றை ஆண்டுதோறும் பார்த்தாக வேண்டும். கோடைக்கு முன் எரிபொருளில் நிலைப்படுத்தி கலந்து, எஞ்சினுள் காப்பு எண்ணெய் தெளித்து, எலிகள் காற்றுப் பெட்டியில் கூடு கட்டாமல் அடைக்க வேண்டும். ஓராண்டு இதை நான் மறந்ததன் விளைவை விவரிக்க விரும்பவில்லை. இவை பணச் செலவுகள் என்பதால் கணக்கில் அடங்கும். கணக்கில் அடங்காதது, ஊரிலிருந்து நாற்பது கிலோமீற்றர் தள்ளி, சுழியத்துக்குக் கீழே முப்பது பாகையில், கைபேசிச் சைகை இல்லாத இடத்தில் வண்டி நின்றுபோவது. என் பழைய வண்டி எஞ்சினின் அமுக்கம் குறையத் தொடங்கியதை 2025 ஜனவரியில் சோதித்து அறிந்த பிறகே, காத்திருந்தது போதும் என்று முடிவு செய்தேன். தனியாக ஓடுபவரும், கொக்ரேன், ஹேர்ஸ்ட் போன்ற நம்பகமான பனியுள்ள வடபகுதிகளில் ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடுபவரும் என் அறிவுரையைத் தள்ளிவிட்டுப் புதியதை முன்பதிவு செய்யலாம். அவர்களுக்கு நாளொன்றுக்கான இழப்பு தானாகவே சிறுத்துவிடும்.

சந்தையின் போக்கும் அவசரப்பட வேண்டாம் என்றே எனக்குச் சொல்கிறது. 1968 முதல் பனிவண்டி விற்றுவந்த யமஹா, 2025 மாதிரிகளுடன் வட அமெரிக்காவில் அந்தத் தொழிலை முடித்துக்கொள்வதாக 2023இல் அறிவித்தது. உதிரிப் பாகங்களும் சேவையும் தொடரும் என்றும் கூறியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள, ஆர்க்டிக் கற் என்ற பனிவண்டி நிறுவனத்தின் தொழிற்சாலையில் உற்பத்தி 2024 இறுதியில் நிறுத்தப்பட்டு, 2025இல் நிறுவனம் கைமாறியது. கியூபெக்கின் வல்கூரில் 1959இல் தொடங்கிய ஸ்கீ-டூவும், மினசோட்டாவின் றோசோவில் 1954இல் தொடங்கிய பொலாரிசும் இன்றைய பெரிய பெயர்கள். போட்டி குறைந்த சந்தையில் விலை ஏறலாம் என்ற வாதம் காத்திருப்பதற்கு எதிரானது. அதில் நியாயம் உண்டு. ஆயினும் கைமாறிய நிறுவனமொன்றின் மறுவிற்பனை மதிப்பு எங்கே நிலைக்கும் என்பது தெளிவாக இரண்டு பனிக்காலமாவது வேண்டும் என்பதால், அந்த நிறுவனத்தின் பெயரில் புதியது வாங்க நினைப்பவர் பொறுத்திருப்பதே நல்லது.

மின்சார வண்டிக்காகக் காத்திருக்கிறேன் என்பவர்களும் உண்டு. ஸ்கீ-டூவின் மின்சார வண்டி ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடும் என்று நிறுவனமே சொல்கிறது. மின்சாரப் பனிவண்டிகளைச் செய்த மொன்றியலின் ரைகா நிறுவனம் 2024 ஜூலையில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. எங்கள் பக்கத்தில் மதிய உணவுக்குப் போய்வரவே நூறு கிலோமீற்றர் ஆகிவிடும் என்பதால், அதற்காக மட்டும் காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் வாங்கியது ஃபோர் ஸ்ட்ரோக் வண்டி. டூ ஸ்ட்ரோக்கை விட்டு அதற்கு மாறியது சரியா என்பதைப் பற்றி எனக்கு இன்னும் உறுதியான கருத்தில்லை. எரிபொருள் குறைவாகக் குடிக்கிறது, புகை மணம் இல்லை, பெற்றோலுடன் எண்ணெய் எரிவதில்லை. ஆனால் முன்பக்கம் கனம், பனியில் புதைந்தால் ஒருவனாக இழுத்தெடுக்க முடியவில்லை. எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும் என்று அனுபவசாலிகள் சொல்வதை நம்பியே வாங்கினேன். இப்போது மானியில் 1,900 கிலோமீற்றர் மட்டுமே இருப்பதால், அந்த நம்பிக்கையைச் சோதிக்க இன்னும் பல பனிக்காலங்கள் ஓடவேண்டும்.