மாவட்டச் சுவர்ப் படத்தில் சேயாறு: ஒரு மதிப்புரை

ஆரணியில் பள்ளிப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில் 140 ரூபாய் கொடுத்து வாங்கிய திருவண்ணாமலை மாவட்டச் சுவர்ப் படத்தை, மூன்று மாதங்களாகக் கூடத்தில் மாட்டி வைத்துப் பார்த்து வருகிறேன். தாள் தடிமனானது, மேலும் கீழும் பிளாஸ்டிக் பட்டை இருப்பதால் சுருண்டுகொள்வதில்லை. வட்ட எல்லைகளிலும் சாலைகளிலும் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் எங்கள் ஆறான சேயாற்றை அது எப்படிக் காட்டுகிறது என்று பார்க்கவே இதை வாங்கினேன்.

ஓட்டத்தைப் பொறுத்தவரை படம் நேர்மையானது. ஜவ்வாது மலையில் பிறக்கும் ஆறு, குப்பநத்தம் அணையைத் தாண்டிச் செங்கம், கலசப்பாக்கம் வழியாகக் கிழக்கும் வடகிழக்குமாகச் செல்வதை நீலக்கோட்டில் விரலை வைத்தபடியே தொடரலாம். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மணலாகக் கிடக்கும் ஆற்றுக்கு, ஆண்டு முழுவதும் நீரோடுவதுபோல இவ்வளவு தடித்த நீலம் ஏன் என்றுதான் புரியவில்லை.

பெயரில்தான் பெரிய குறை. ஆற்றின் நெடுகிலும் ஓரிடத்திலும் பெயர் அச்சிடப்படவில்லை. ஆற்றின் பெயரைப் பெற்ற நகரத்தின்மேல் மட்டும் 'செய்யாறு' என்று இருக்கிறது. அந்த நகரத்தின் பழைய பெயரோ தேவாரம் பாடிய திருவோத்தூர். படத்தைப் பார்க்கும் பிள்ளை, ஊரின் பெயரை ஆற்றுக்கு வைத்தார்கள் என்றே எண்ணும். நடந்தது அதற்கு நேர்மாறானது. எழுத்தும் பொருளை மாற்றிவிடுகிறது. 'செய்' என்றால் நன்செய், புன்செய் என்பதில் உள்ள வயல்; 'சேய்' என்றால் குழந்தை, முருகன், செம்மை, தொலைவு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம் இதைச் சேயாறு என்றே சொல்கிறது. செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனைக் காணச் செல்லும் கூத்தரை, குயவர் சக்கரம்போலக் குமிழிகள் சுழலும் இந்த ஆற்றின் ஒரு கரையைப் பற்றிக்கொண்டே போகச் சொல்லும் பாட்டு அது. ஆறு என்ற சொல்லுக்கு வழி என்றும் பொருள் இருப்பதை அந்த இடத்தில் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

சேயாற்றின் துணையாறான கமண்டல நாகநதிக்கும் இதே கதிதான். கோடு உண்டு, பெயர் இல்லை. வாழைப்பந்தலில் மணலால் லிங்கம் பிடிக்க அம்மனுக்குத் தண்ணீர் தேவைப்பட்டபோது, பிள்ளையார் முனிவரின் கமண்டலத்தைக் கவிழ்த்தது ஒரு நதியாகவும், முருகன் வேலெறிந்தது சேயாறாகவும் வந்ததாக எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இரண்டு பெயர்களும் சேர்ந்திருந்தால்தான் அந்தக் கதை படத்தில் நிற்கும்.

மாவட்ட எல்லையில் நீலக்கோடு வெட்டப்பட்டிருப்பது மற்றொரு குறை. பாலாற்றோடும் வேகவதியோடும் சேயாறு கூடும் திருமுக்கூடல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருப்பதால், இந்த ஆறு எங்கே போய்ச் சேருகிறது என்ற கேள்விக்கு இந்தப் படத்தில் விடை இல்லை. ஓரத்து வெள்ளைப் பகுதியில் இரண்டு அங்குலம் புள்ளிக்கோடாக நீட்டி, ஒரு பெயரை எழுதியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும்.

சாலை, வட்டம், ஊர் தேடுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். பள்ளிக்கு வாங்கும் ஆசிரியர்கள் மாட்டுவதற்கு முன், அழியாத மையால் சேயாறு, கமண்டல நாகநதி, மற்றொரு துணையாறான மிருகண்டா நதி ஆகிய மூன்று பெயர்களையும் கோட்டின் வளைவையொட்டி எழுதிவிடவேண்டும். தாளின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருப்பதால் பந்துமுனைப் பேனா பிடிப்பதில்லை. மார்க்கர் பேனாதான் சரியாக எழுதுகிறது.