வீட்டை அவசரமாக விற்கிறீர்களா? அக்ரிமெண்டில் கெடு எவ்வளவு என்று முதலில் பாருங்கள்

நீலகிரியில் கடன் நெருக்கடியால் வீட்டை விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோத்தகிரி பக்கம் எங்கள் அம்மாவுக்கு நடந்தது.

அப்பாவின் வைத்தியத்துக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கியிருந்தோம். பச்சைத் தேயிலை விலை படுத்ததில் தவணை நின்றுபோனது. கடன் பாக்கிக்கு வீட்டை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தரும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அவகாசம் கொடுத்து வங்கி நோட்டீஸ் அனுப்பியது. யார் சொன்னார்களோ, அதே வாரத்தில் ஒரு புரோக்கர் வாசலில் வந்து நின்றார். "கவலைப்படாதீங்கம்மா, 42 லட்சம் தரோம். பேங்க் கடனை நாங்களே அடைச்சிட்டு ஒரே மாசத்துல கிரயம் பண்ணிக்கிறோம்."

பத்திரம் எழுதும் இடத்தில் விற்பனை அக்ரிமெண்ட் தாள்களை மடித்துப் பிடித்துக்கொண்டு, கையெழுத்துப் போடும் ஓரத்தை மட்டும் காட்டினார்கள். "டோக்கன் கூப்பிட்டுட்டாங்க, சீக்கிரம் போடுங்கம்மா." அந்தக் கட்டுக்குள் ஒரு பொது அதிகாரப் பத்திரமும் இருந்தது. "பவர் எல்லாம் தர முடியாது" என்று அம்மா அதை மட்டும் தள்ளி வைத்துவிட்டார். நல்லவேளை! அதில் கையெழுத்து விழுந்திருந்தால், அம்மாவைக் கேட்காமலே இன்னொருவருக்கு வீட்டைக் கிரயம் செய்து கொடுத்திருப்பார்கள்.

அட்வான்ஸ் 1 லட்சம் தந்தார்கள். பதிவான நகல் கைக்கு வந்தபோதுதான் தெரிந்தது: கெடு ஒரு மாதம் இல்லை, 11 மாதம். வங்கிக் கடனை அடைப்பதாக ஒரு வரிகூட இல்லை.

அதற்குப் பிறகு புரோக்கர் போனை எடுக்கவில்லை. வீட்டைத் தன் வசம் எடுத்துக்கொண்டதாக வங்கி வீட்டுச் சுவரில் சுவாதீன நோட்டீஸ் ஒட்டி, பேப்பரிலும் போட்ட பிறகு அவரே வந்தார். "2009-ல மண் சரிஞ்ச ஏரியாம்மா இது. 28-க்கு மேல யாரும் கேட்க மாட்டாங்க." 2009-ல் எங்கள் பக்கம் எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்று தெரிந்த மனுஷன், அதைச் சொல்லி விலையை அடித்ததை என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை.

வேறு ஆளுக்கு விற்கலாம் என்றால், கோயம்புத்தூரிலிருந்து வந்தவர் வில்லங்கச் சான்றைப் பார்த்ததும் பின்வாங்கினார். பதிவான அக்ரிமெண்ட் அதில் நிற்கிறது. நாம் மட்டும் கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்ய முடியாது என்று பதிவு அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். கெடு முடிந்த பிறகும் 3 வருடம் வரை புரோக்கர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றார் வக்கீல். கடைசியில் அட்வான்ஸோடு மேலே 2 லட்சம் அழுதுதான் ரத்துப் பத்திரத்தில் அவர் கையெழுத்தை வாங்கினோம்.

வீடு பிறகு விற்றது, 37 லட்சத்துக்கு. இந்தமுறை வங்கி மேலாளரை நேரில் பார்த்து, பாக்கி எவ்வளவு என்று கடிதம் வாங்கினோம். வாங்கியவர் கிரயத்தன்று அந்தத் தொகைக்கு வங்கி பெயரிலும், மீதிக்கு அம்மா பெயரிலும் டிடி எடுத்து வந்தார். மூலப்பத்திரம் வங்கியிலிருந்து நேராக அவர் கைக்குப் போனது. புரோக்கர் வருவதற்கு முன்பே அந்த மேலாளரிடம் போயிருக்கலாம். கடனுள்ள வீட்டை இப்படி விற்க வழி இருக்கிறது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அக்ரிமெண்ட் போடுவதாக இருந்தால் முதல் நாளே நகலை வீட்டுக்கு வாங்கி வந்து வக்கீலிடம் காட்டுங்கள். கெடு வங்கியின் 60 நாளுக்குள் இருக்கட்டும். அட்வான்ஸ் வங்கிக் கணக்கில் வரட்டும்; 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமானவரிச் சட்டப்படியும் தவறு. வாங்குகிறவருக்கோ அவர் ஆளுக்கோ பவர் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் பதிவுத்துறை இணையதளத்தில் உங்கள் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கத்தைப் பாருங்கள், காசு கிடையாது. என்ன பதிவாகியிருக்கிறது என்று இன்றைக்கே தெரிந்துவிடும்.