தளம் ஒழுகுகிறதா? உடைத்துப் பூசும் முன் ஒரு நிமிடம்

சொந்த மனையில் கான்ட்ராக்டரிடம் சதுர அடி ரேட் பேசி வீடு கட்டுகிறவர்களுக்காக எழுதுகிறேன். வந்திருக்க வேண்டிய 85,000 ரூபாய் என் அவசரத்தால் வராமல் போனது.

திருச்சிக்கு வெளியே 1,050 சதுர அடி வீடு. மெட்டீரியலோடு சதுர அடிக்கு 2,000 என்று 21 லட்சம். பெரும்பகுதி அப்பாவின் ஓய்வுக்காலப் பணம். 2022 ஜூன் முதல் வாரம் பால் காய்ச்சினோம். நவம்பர் மழையில் அம்மா படுக்கும் அறையின் சீலிங்கில் ஓதம் ஏறியது. அடுத்து சமையலறை.

கான்ட்ராக்டர் ஒருநாளும் மறுத்துப் பேசியதில்லை. அதில்தான் நான் ஏமாந்தேன். "மழை விடட்டும்ண்ணே, ஆள் அனுப்புறேன்" என்பார். வெயில் வந்தால், "ஆளுங்க ஊருக்குப் போயிட்டாங்கண்ணே". இப்படியே ஒன்றரை வருடம். 2024 மே மாதம் சமையலறை சீலிங் பூச்சு பெயர்ந்து அடுப்பின் மேல் விழுந்தது. அம்மா அப்போதுதான் குழம்பை இறக்கிவிட்டு நகர்ந்திருந்தார். பயந்துபோய் மறுவாரமே வேறு கொத்தனாரை வைத்து உடைத்துப் பூசிவிட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தேன். அம்மா அறையில் பூச்சைக் கொத்தியதும் துருவேறிய கம்பி தெரிந்தது. கம்பிக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்க வேண்டுமாம். இங்கே கம்பியைத் தூக்கி நிறுத்த அடியில் வைக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கே வைக்காமல், கம்பியைச் சென்ட்ரிங் தகட்டின் மேல் அப்படியே கிடத்தி கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். மொட்டை மாடியில் தட்டோடு பதித்தபோது தண்ணீர் வடியச் சரிவாக வாட்டம் கொடுக்கவில்லை. தண்ணீர் குழாய்க்குப் போகாமல் நடுவில் தேங்கி உள்ளே இறங்கியிருக்கிறது. அத்தனையையும் படத்தோடு அறிக்கையாக எழுதிக் கொடுத்தார்.

வழக்கறிஞர் முதலில் கேட்டது, "எப்போ ஒழுக ஆரம்பிச்சது?" நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஆள் அனுப்புகிறேன் என்று அவர் சொன்ன நாளெல்லாம் அந்தக் கணக்கில்தான் கரைந்திருக்கிறது. நோட்டீஸ் அனுப்பி, அக்டோபரில் மாவட்ட ஆணையத்தில் மனு போட்டபோது சில வாரங்களே மிச்சம். நான் கொடுத்த தொகைக்குக் கட்டணம் 1,000 ரூபாய்தான். 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில், 5 வருடம் அவகாசம் உண்டே என்றார் ஒரு நண்பர். அது பில்டரின் திட்டத்தில் பிளாட், வில்லா வாங்கியவர்களுக்கு. நம் மனையில் நாமே ஆள் வைத்துக் கட்டிய வீட்டுக்கு இல்லை.

போன மாதம் உத்தரவு வந்தது. அம்மா அறைக்கும் மொட்டை மாடிக்கும் சேர்த்து 1,60,000, மன உளைச்சலுக்கு 25,000. சமையலறைக்கு நான் செலவழித்த 85,000 மட்டும் இல்லை என்றாகிவிட்டது. குறை இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். என்னிடம் இருந்தது கொத்தனார் துண்டுச்சீட்டு ஒன்றுதான்.

தயவுசெய்து கொத்தனாரைக் கூப்பிடும் முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள். விழுகிற நிலையில் இருந்தால் முட்டுக் கொடுத்துவிட்டு, அந்த அறைக்குள் யாரும் போகாமல் பார்த்துக்கொண்டு, தேதியோடு படம் எடுங்கள். கான்ட்ராக்டரிடம் போனில் பேசினாலும் அதையே வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுங்கள். 2022 நவம்பரில் நான் அனுப்பிய இரண்டு வரி மெசேஜ்தான், முதல் மழையிலேயே சொன்னோம் என்பதற்கு எனக்கிருந்த ஒரே சாட்சி.

கான்ட்ராக்டர் மேல்முறையீட்டுக்குப் போக 45 நாள் உண்டு. போனால் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். அந்தக் கெடு இன்னும் முடியவில்லை. அம்மா இப்போது கூடத்தில்தான் படுக்கிறார்.