ஏதென்ஸ் பேக்கேஜுக்கு முன்பணம் கட்டும் முன் படிக்க வேண்டிய எச்சரிக்கை

ஏதென்ஸ் நகரத்துக்குக் குடும்பத்தோடு செல்லத் திட்டமிட்டு, "எல்லாம் அடக்கம்" என்று விளம்பரம் செய்யும் ஏதேனும் ஒரு பயண நிறுவனத்திடம் முன்பணம் கட்டவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2025 ஜூலையில் என் பெற்றோரையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு, சென்னையிலுள்ள ஒரு நிறுவனத்தின் மூலம் அங்கே சென்று வந்தோம். நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் எந்தெந்த இடத்தில், எந்த முறையில் பணம் பறிபோனது என்பதைச் சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை. அந்த முறைகள் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியவை என்றும் நான் நினைக்கவில்லை.

முதலில் அடிப்படையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஏதென்ஸில் ஒரு சுற்றுலாப் பயணிக்குத் தேவைப்படும் செலவுகளில் பெரும்பகுதிக்கு அரசே விலை நிர்ணயித்திருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நகரின் மையத்துக்கு டாக்சி, மெட்ரோ, தொல்லியல் தலங்களின் நுழைவுச்சீட்டு, விடுதி அறைக்கான வரி என ஒவ்வொன்றுக்கும் வெளிப்படையான தொகை உண்டு. அந்தத் தொகைகள் வாடிக்கையாளரின் கண்ணில் படாமல் ஒரே மொத்த விலைக்குள் அடக்கிவிடுவதில்தான் இடைத்தரகரின் வருமானம் இருக்கிறது. எங்களிடம் தரப்பட்ட பயணத் திட்டத்தாளில் ஓர் இடத்தில்கூடத் தனித்தனி விலை இல்லை. பிறகு நாங்கள் வற்புறுத்திக் கேட்டு வாங்கிய பிரிவுப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் கீழே உள்ளவற்றை எழுதுகிறேன்.

மிகப் பெரிய மோசடி நுழைவுச்சீட்டில் நடந்தது. நகரின் நடுவிலுள்ள பழங்காலக் குன்றுக்கோட்டையான அக்ரோபோலிஸ், பண்டைய அகோரா என்ற பழைய சந்தைவெளி, ரோமானிய அகோரா, ஹேட்ரியன் நூலகம், கெரமெய்கோஸ் இடுகாடு, ஒலிம்பிய ஜீயஸ் கோவில், அரிஸ்டாட்டிலின் கல்விக்கூடமான லைசியம் ஆகிய ஏழு இடங்களையும் ஐந்து நாட்களுக்குள் பார்க்க உதவும் கூட்டுச்சீட்டு, வரிசையில் நிற்காத முன்னுரிமை நுழைவு, வழிகாட்டி ஆகியவற்றுக்குச் சேர்த்து ஆளுக்கு 78 யூரோ வீதம் எங்களிடம் வசூலித்திருந்தார்கள். அப்படி ஒரு கூட்டுச்சீட்டு முன்பு உண்மையிலேயே இருந்தது. 30 யூரோவுக்கு விற்கப்பட்டது. உலகெங்கும் உள்ள பயணக் குறிப்புகளில் இன்றும் அதைப் புகழ்ந்து எழுதியிருப்பதைக் காணலாம். ஆனால் 2025 ஏப்ரல் 1 முதல் கிரேக்கப் பண்பாட்டு அமைச்சகம் அதை நிறுத்திவிட்டது. அதே நாளில் அக்ரோபோலிஸுக்கான தனிச்சீட்டு 20 யூரோவிலிருந்து 30 யூரோவாக உயர்ந்தது; மற்ற இடங்களுக்கும் தனித்தனியே சீட்டு வாங்க வேண்டும், பண்டைய அகோரா ஒன்றுக்கே 20 யூரோ ஆகிறது. அதாவது ஏப்ரலிலேயே ஒழிக்கப்பட்ட ஒரு சீட்டை, மே மாதத்தில் எங்களுக்கு விற்று, ஜூலையில் அந்த நகரத்துக்கு அனுப்பி வைத்தார்கள். பண்டைய அகோராவின் வாயிலில் எங்கள் வவுச்சரைப் பார்த்த ஊழியப் பெண்மணி அதை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, சிரிக்காமலும் கோபப்படாமலும், சீட்டு விற்கும் சாளரத்தைக் கையால் காட்டினார். எங்களுக்கு முன்பே எத்தனையோ பேரிடம் அதே விளக்கத்தைச் சொல்லிச் சலித்துப் போனவர் என்பது அந்தக் கையசைவிலேயே தெரிந்தது.

அக்ரோபோலிஸில் நடந்தது இன்னும் மோசம். அந்தக் குன்றுக்கு ஒரு நாளில் 20,000 பேர் வரைதான் அனுமதி என்று 2023இல் வரம்பு கொண்டுவந்தார்கள். மணிநேர வாரியாகப் பிரித்த நுழைவு நேரம் இப்போது எல்லோருக்கும் கட்டாயம். சீட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்துக்குக் கால் மணி முன்னும் பின்னும்தான் வாயில் திறக்கும். கோடையில் காலை 8 மணிக்கான நேரம்தான் முதலில் விற்றுத் தீரும், ஏனென்றால் மேலே மர நிழல் என்ற ஒன்றே கிடையாது. சுண்ணாம்புப் பாறையும் வெண்பளிங்கும் வெயிலை முகத்திலேயே திருப்பி அடிக்கும். என் தாயாருக்கு மூட்டுவலி இருப்பதை முன்கூட்டியே சொல்லி, காலை 8 மணி நுழைவு வேண்டும் என்று எழுத்தில் கேட்டிருந்தோம். வவுச்சரிலும் "காலை 8" என்றுதான் இருந்தது.

அக்ரோபோலிஸ் மெட்ரோ நிலையத்தின் வாசலில் மஞ்சள் குடை பிடித்த ஓர் இளைஞர் எங்களைச் சந்தித்தார். சட்டையில் ஒட்டிக்கொள்ள ஆளுக்கொரு வட்டச் சீட்டைக் கொடுத்து, மற்ற பயணிகளும் வர வேண்டும் என்று முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார். பிறகு உறையைப் பிரித்து நுழைவுச்சீட்டுகளை நீட்டினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அதை வாசித்த அப்பாதான் முதலில் கவனித்தார். "ஏம்ப்பா, இதுல மத்தியானம் ஒரு மணின்னு போட்டிருக்கே, நம்மளை எதுக்குக் காலையிலயே வரச் சொன்னாங்க?" என்றார். குடைக்காரரிடம் கேட்டபோது, காலை எட்டு மணி என்பது சந்திக்கும் நேரம், நுழையும் நேரம் வேறு, அதுவரை அருகிலுள்ள கடைகளைப் பார்க்கலாம் என்று பதில் வந்தது. அந்த வாரம் வெப்பம் 40 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்ததால், அன்று பிற்பகல் 1 மணியிலிருந்து 5 மணிவரை குன்றை மூடுவதாகப் பண்பாட்டு அமைச்சகம் அறிவித்திருந்தது. 2023, 2024 கோடைகளிலும் இதே போல நண்பகலில் மூடியிருக்கிறார்கள். தொழிலில் இருப்பவர்களுக்கு இது புதிய செய்தியே அல்ல. எங்கள் கையில் இருந்ததோ மூடிய கதவுக்கான சீட்டு.

சென்னைக்குத் தொலைபேசியில் அழைத்தேன். "சார், அது லோக்கல் பார்ட்னர் பண்ணதுங்க சார், நாங்க அவங்ககிட்ட பேசிட்டு உடனே கூப்பிடறோம் சார்" என்றார்கள். அந்த "உடனே" நாங்கள் ஊர் திரும்பும்வரை வரவில்லை. வழிகாட்டி எங்கே என்று குடைக்காரரிடம் கேட்டதற்கு, தான் வாயில்வரை உடன் வரும் உதவியாளர் மட்டுமே என்றும், உள்ளே போனபின் கைபேசிச் செயலியில் ஒலிக்குறிப்பு கேட்டுக்கொள்ளலாம் என்றும் தயக்கமில்லாமல் சொன்னார். கிரேக்கத்தில் தொல்லியல் தலத்துக்குள் விளக்கம் சொல்லி அழைத்துச் செல்ல, அரசு உரிமமும் அதற்கான அடையாள அட்டையும் பெற்ற வழிகாட்டிகளுக்குத்தான் அனுமதி. ஆகவே உங்கள் திட்டத்தாளில் "உரிமம் பெற்ற வழிகாட்டி, தலத்தின் உள்ளே" என்று எழுதி வாங்காமல், வெறும் "வழிகாட்டி" என்றிருந்தால் போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

அன்று மாலையே அறையில் உட்கார்ந்து, அரசின் சீட்டுத் தளமான எச்எச்டிக்கெட் டாட் ஜிஆர் தளத்தில் மறுநாள் மாலை 6 மணிக்கு ஆளுக்கு 30 யூரோ கட்டி நாங்களே சீட்டு எடுத்தோம். கடன் அட்டை விவரம் கொடுத்த சில நிமிடங்களில் பட்டைக்குறியீட்டோடு சீட்டு மின்னஞ்சலுக்கு வந்துவிட்டது. இதைச் செய்துகொடுக்கத்தான் இத்தனை பெரிய நிறுவனம், உள்ளூர்க் கூட்டாளி, மஞ்சள் குடை எல்லாம். தேடுபொறியில் "அக்ரோபோலிஸ் சீட்டு" என்று தேடினால் விளம்பரமாக மேலே வரும் தளங்களில் பலவும் மறுவிற்பனைத் தளங்கள். பார்ப்பதற்கு அரசுத் தளம் போலவே நீலமும் வெள்ளையுமாக இருக்கும். "வரிசையைத் தவிர்க்கும் சீட்டு" என்று அவை கூடுதல் விலை வைப்பதிலும் பெரிய பொருளில்லை. இணையத்தில் நேரம் குறித்த சீட்டு எடுத்த எவருமே சீட்டு விற்கும் சாளரத்தில் நிற்க வேண்டியதில்லை. பாதுகாப்புச் சோதனை வரிசையிலிருந்து யாருக்கும் விலக்கில்லை. கூட்டம் குறைவாக வேண்டுமென்றால் மேற்குப் பக்கத்துப் பெரிய வாயிலை விட்டுவிட்டு, மெட்ரோ நிலையத்துக்கு அருகிலுள்ள தென்கிழக்கு வாயிலுக்குச் செல்லுங்கள்; டயோனிசஸ் அரங்கைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஏறலாம். அடிவாரத்திலுள்ள அக்ரோபோலிஸ் அருங்காட்சியகத்துக்குத் தனி நிர்வாகம், தனிச் சீட்டு. குன்றுக்கான சீட்டில் அது சேராது. எங்கள் நிறுவனம் அதையும் "அடக்கம்" என்றுதான் எழுதியிருந்தது.

மாலை வெயிலில் குன்றின் மேலுள்ள பார்த்தெனான் கோவிலைப் பார்த்தது, சீட்டுக்காக இரண்டு முறை பணம் கொடுத்த எரிச்சலையும் மீறி, நிறைவாகவே இருந்தது. ஆனால் நுழைமண்டபத்துப் படிகளில் கோடிக்கணக்கான கால்கள் பட்டுப் பளிங்கு கண்ணாடியாக வழுக்குகிறது. பெரியவர்களுக்கு ரப்பர் அடிப்பாகமுள்ள காலணி அவசியம்.

விடுதி விஷயத்துக்கு வருகிறேன். திட்டத்தாளில் குன்றின் தெற்கே கூகாக்கிப் பகுதியில் உள்ள நான்கு நட்சத்திர விடுதியின் பெயர் இருந்தது. போய் இறங்கியதோ ஒமோனியா சதுக்கத்தின் பின்னால் உள்ள வேறொரு விடுதியில். "சமதரமான மாற்று" என்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி இருப்பதைக் காட்டினார்கள். ஒமோனியாவிலிருந்து அக்ரோபோலிஸ் நிலையம் மெட்ரோவில் மூன்றாவது நிறுத்தம்தான் என்பதால் தூரம் பெரிய குறையல்ல. ஆனால் இரவில் அந்தத் தெருக்களில் என் பெற்றோரைத் தனியே நடக்கவிட மனம் வரவில்லை. இதைவிடக் கவலை தந்தது வேறொன்று: ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசா விண்ணப்பத்தில் நாங்கள் இணைத்தது முதல் விடுதியின் முன்பதிவு. அதை நிறுவனம் எங்களிடம் சொல்லாமலே ரத்து செய்திருந்தது. விமான நிலையக் குடிநுழைவு அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று விசாரித்து அந்த விடுதியைத் தொடர்பு கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை.

ஒமோனியா விடுதியின் வரவேற்பு மேசையில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 யூரோ வீதம் கட்டச் சொன்னார்கள். விடுதிமேல் குற்றமில்லை. பருவநிலை நெருக்கடியைச் சமாளிப்பதற்கான கட்டணம் என்ற பெயரில் கிரேக்க அரசு வசூலிக்கும் வரி அது. 2025இல் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திர விடுதிக்கு 5, நான்குக்கு 10, ஐந்துக்கு 15 யூரோ, குறுகியகால வாடகைக் குடியிருப்புக்கு 8 யூரோ என்று விகிதம். ஆனால் "எல்லா வரிகளும் உட்பட" என்று எங்களிடம் வாங்கிய தொகையில் அது இல்லை. கேட்டதற்கு, அது வரியல்ல, "உள்ளூர்க் கட்டணம்" என்று விளக்கம் வந்தது.

விமான நிலைய வாகனம் வரவேயில்லை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதற்கு 85 யூரோ வாங்கியிருந்தார்கள். வெளியே வரிசையில் நின்ற மஞ்சள் டாக்சியில் நகர மையத்துக்கு நிர்ணயித்த கட்டணம் பகலில் 40 யூரோ, நள்ளிரவு முதல் காலை 5 வரை 55 யூரோ. சாலைச் சுங்கமும் பெட்டிகளுக்கான கட்டணமும் இதிலேயே அடக்கம். மெட்ரோவில் வந்தால் ஆளுக்கு 9 யூரோதான்.

உணவகத்தைப் பற்றியும் எழுத வேண்டும், ஏனென்றால் குன்றின் அடிவாரத்துப் பழைய குடியிருப்புப் பகுதியான பிளாக்காவிலுள்ள அந்த இடத்தையும் "குழு விருந்தினருக்குத் தள்ளுபடி" என்று நிறுவனம்தான் பரிந்துரைத்தது. விலைப்பட்டியலில் மீனுக்குப் பக்கத்தில் இருந்த எண் ஒரு தட்டுக்கானதல்ல, ஒரு கிலோவுக்கானது. கிரேக்கம் முழுவதும் இதுவே வழக்கம். எனவே மீனைக் கண்முன்னே எடை போடச் சொல்லி, தொகையைக் கேட்டுக்கொண்ட பிறகுதான் சமைக்கச் சொல்ல வேண்டும். பரிசாரகர் தட்டில் மீனைக் கொண்டுவந்து காட்டினார், எடை போடவில்லை. கடைசியில் கோடு போட்ட தாளில் கையால் எழுதிய கணக்கு வந்தது: மீன், ரொட்டி, தண்ணீர், கீழே அடிக்கோடிட்ட ஒரு கூட்டுத்தொகை. என் மனைவி விலைப்பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சட்டப்படியான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அச்சிட்டிருந்த வரியின்மேல் விரலை வைத்தார். அந்த வரி கிரேக்க உணவகங்களின் விலைப்பட்டியலில் சட்டப்படி இருந்தாக வேண்டும். பரிசாரகர் தாளை எடுத்துக்கொண்டு உள்ளே போய், இயந்திரத்தில் அச்சிட்ட ரசீதோடு திரும்பினார். தொகை 31 யூரோ குறைந்திருந்தது. மன்னிப்புக் கேட்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. இப்படி நேர்ந்து இழுபறி ஆனால் 1571 என்ற எண்ணில் சுற்றுலாக் காவல்துறையை அழைக்கலாம்.

ஊர் திரும்பியதும் பிரிவுப் பட்டியலையும் நாங்கள் அங்கே கட்டிய ரசீதுகளையும் இணைத்து, 15 நாட்களுக்குள் பணத்தைத் திருப்பித் தருமாறு நிறுவனத்துக்குப் பதிவஞ்சல் அனுப்பினோம். அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும்படி ஒரு வரவுக் கடிதம் தருவதாகப் பதில் எழுதினார்கள். இன்னொரு முறை அவர்களிடம் பணம் கட்டினால்தான் பழைய பணம் கிடைக்கும் என்ற அந்த ஏற்பாட்டை மறுத்துவிட்டு, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிந்தோம். அதற்கும் அவர்கள் அசையாததால் நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தின் வழியே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தாக்கல் செய்தோம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். நாங்கள் கோயம்புத்தூரில் இருந்தபடியே அதைச் செய்தோம்.

வழக்குக்கு ஆவணம் திரட்டும்போது இன்னொன்றும் வெளிப்பட்டது. வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பை விற்கும்போது டிசிஎஸ் (விற்பவரே பிடித்துக் கட்டும் வரி) என்ற பெயரில், அப்போதைய விதிப்படி 10 லட்சம் ரூபாய் வரை 5 விழுக்காட்டை நிறுவனம் நம்மிடம் பிடித்து வருமானவரித் துறையில் கட்ட வேண்டும். அது நம் பான் எண்ணின் கீழ், அப்போது 26ஏஎஸ் எனப்பட்ட வரி விவரப் படிவத்தில் தெரியும். கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்பப் பெறலாம். எங்களிடம் பிடித்த தொகை அந்தப் படிவத்தில் ஏறவேயில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு போன பிறகு, தாமதத்துக்கு எந்த விளக்கமும் இல்லாமல், அது கட்டப்பட்டது. வெளிநாட்டுப் பயணம் முடித்தவர்கள் உடனே தங்கள் படிவத்தைத் திறந்து பாருங்கள். பிடித்ததற்கான சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தின் வழக்கறிஞர் பதில் மனுவுக்குக் காலநீட்டிப்பு கேட்டிருக்கிறார். ஆணையம் உத்தரவிட்ட பின் நிறுவனத்தின் பெயரையும், திரும்பக் கிடைத்த தொகையையும் இங்கே சேர்க்கிறேன்.