விடுப்பில் முடித்துவிடக்கூடிய நோயல்ல: அக்காவின் சைனஸ் சிகிச்சைக்காகச் சிங்கப்பூர் போய்வந்த அனுபவம்

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்து இப்போது பெர்த்தில் குடியிருக்கும் நான், அக்காவுக்குச் சைனஸ் சிகிச்சை முடிவானதும் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். பயணத்தின் பெரும்பகுதி அவருடன் மருத்துவமனைக்குப் போய்வருவதிலேயே கழிந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு, ஊருக்குப் போகும்போதே பல், கண், மூக்கு எல்லாவற்றையும் காட்டி முடித்துக்கொண்டு திரும்ப வேண்டும் என்ற எண்ணம் உண்டு. பல்லுக்கும் கண்ணாடிக்கும் அது ஒத்துவரலாம். நாட்பட்ட சைனஸ் நோய்க்கு ஒத்துவராது என்பதை அருகிலிருந்து பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

மூக்கடைப்போ மூக்கொழுகலோ இருந்து, அதோடு முகத்தில் அழுத்தமோ வலியோ மோப்பக் குறைவோ சேர்ந்து, 12 வாரங்களுக்கு மேல் நீடித்தால்தான் மருத்துவர்கள் இதை நாட்பட்ட சைனஸ் அழற்சி என்கிறார்கள். எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயிலோ சிடி ஸ்கேனிலோ அதற்கான அடையாளமும் தெரிய வேண்டும். அக்காவுக்கு இத்தனையும் பல ஆண்டுகளாக இருந்தன. வீட்டுக்கு அருகில் அவர் வழக்கமாகப் போய்வந்த ஒரு தனியார் மருந்தகத்தில் (கிளினிக்கில்), ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாட்டிக்கும் சளி மாத்திரையும் கொடுத்து அனுப்பினார்களே தவிர, மூக்கின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. இந்த நோய் பெரும்பாலும் கிருமியால் நீடிப்பதில்லை. மூக்கிலும் அதைச் சுற்றியுள்ள சைனஸ் என்ற காற்றறைகளிலும் இருக்கும் சவ்வின் ஓயாத அழற்சியால் நீடிக்கிறது. 2025இல் லான்செட் இதழில் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், 514 நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சையும் மற்றொன்றுக்கு மூன்று மாத கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இன்னொன்றுக்கு மருந்தற்ற போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு மாதம் கழித்து அறுவை சிகிச்சை பெற்றவர்கள் தெளிவாக நலமடைந்திருந்தார்கள். ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களுக்கும் போலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அக்கா விழுங்கிய மாத்திரைகளை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தமாக இருக்கிறது.

அவர் இழந்தவற்றுள் பெரியது மோப்பம். மூக்கின் மேற்கூரையில், மிகக் குறுகிய ஓர் இடுக்கில்தான் வாசனையை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழற்சியால் மூக்குச்சதை (பாலிப்) வளர்ந்து அந்த இடத்தை அடைத்துவிட்டால் காற்றே அங்கே போய்ச் சேராது, போய்ச் சேர்ந்தாலும் அழற்சியால் நரம்பு சரியாக வேலை செய்யாது. நாம் ருசி என்று நினைப்பதில் பெரும்பங்கு மணம்தான் என்பதால், அக்காவுக்குச் சமையலில் இருந்த ஈடுபாடு சிறிது சிறிதாகக் குறைந்துவிட்டது. தாளிப்பு கருகுவது தெரியாது. நேற்று வைத்த குழம்பு கெட்டுவிட்டதா என்று அத்தானிடம்தான் கேட்க வேண்டும். ஒருமுறை அடுப்பில் எரிவாயு கசிந்தபோது, அதே சமையலறையில் நின்றிருந்த அவருக்குத் தெரியாமல், கூடத்தில் இருந்த பிள்ளை ஓடிவந்து சொன்ன பிறகே தெரிந்தது. மோப்பம் போவதை ஒரு சில்லறைக் குறையாக எண்ணுவோர் இதைக் கேட்க வேண்டும்.

சிகிச்சை அரசின் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) தொடங்கியது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்துடன் அரசு மருத்துவமனையின் நிபுணரிடம் போனால் குடிமக்களுக்கு வருமானத்துக்கேற்ற மானியம் கிடைக்கும். ஆனால் எந்த நிபுணர் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. நேரடியாகப் போனாலோ குறிப்பிட்ட நிபுணர்தான் வேண்டும் என்றாலோ மானியம் கிடையாது. ஒவ்வாமை மூக்கழற்சி இப்போது மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது என்பதையும் அங்கேதான் கேட்டறிந்தோம். நிபுணரைப் பார்க்கக் காத்திருக்க நேர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த இடைக்காலம் வீணாகவில்லை. பலதுறை மருந்தக மருத்துவர் ஸ்டீராய்டு மூக்கு ஸ்ப்ரேயையும் உப்புநீர்க் கழுவலையும் அன்றே தொடங்கிவைத்தார்.

நிபுணர் முதல் சந்திப்பிலேயே மெல்லிய எண்டோஸ்கோப்பை மூக்கினுள் செலுத்தித் திரையில் காட்டினார். உரித்த திராட்சையைப் போல வெளிறிய, பளபளப்பான சதைத் தொங்கல்கள் இருபுறமும் தெரிந்தன. இருபுறமும் இருப்பதே ஒரு வகையில் ஆறுதல் என்றார் அவர். ஒரு பக்கம் மட்டும் அடைப்போ இரத்தக் கசிவோ இருந்தால் கட்டி ஏதாவது உண்டா என்று தேட வேண்டியிருக்கும். மூக்குத் தொண்டைப் புற்றுநோய் தென்சீன வம்சாவளியினரிடையே கூடுதலாகக் காணப்படுவதால், இங்குள்ள மருத்துவர்கள் யாராக இருந்தாலும் மூக்கின் பின்பகுதி வரை பார்த்துவிடுகிறார்கள். ஆஸ்துமா உண்டா என்று கேட்டார், உண்டு. உடம்புவலிக்கு ஆஸ்பிரினோ ஐபுபுரோஃபெனோ சாப்பிட்டால் மூச்சு முட்டுமா என்று அடுத்துக் கேட்டார். மூக்குச்சதை, ஆஸ்துமா, இந்த மாத்திரைகள் ஒவ்வாமை ஆகிய மூன்றும் சேர்ந்து வரும் ஒரு வகை உண்டு. அந்த வகையில் சதை மீண்டும் வளர்வது அதிகம். அக்காவுக்கு அது இல்லை. தோல் சோதனையில் தூசிப்பூச்சி ஒவ்வாமை தெரியவந்தது. சிங்கப்பூரின் ஈரப்பதத்தில் பிளோமியா டிராபிகாலிஸ் என்ற பூச்சிக்குக் குறைவே இல்லை.

என்னை மிகவும் கவர்ந்தது ஒரு படிவம். ஸ்னாட்-22 என்று பெயர். 22 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண், மொத்தம் 110. மூக்கை மட்டும் கேட்காமல் தூக்கம், களைப்பு, கவனக்குறைவு, எரிச்சல், வெட்கம் எல்லாவற்றையும் கேட்கிறது. நோயாளி தன் துன்பத்தை எண்ணாகச் சொல்ல இது வழிசெய்கிறது. ஒன்பது மதிப்பெண் அளவுக்குக் குறைந்தாலே நோயாளி வேறுபாட்டை உணர்கிறார் என்பது ஆய்வுகளின் கணக்கு. அக்காவுக்கு 58 வந்தது. படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது எனக்குக் குறையாகப் பட்டது. நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள நாட்டில், ஆங்கிலம் எளிதாக வராத முதியவர்கள் இந்தக் கேள்விகளுக்குப் பிள்ளைகளின் வாய்வழியாகவே பதில் சொல்ல நேர்கிறது. பிள்ளைகள் எதிரே வெட்கத்தையும் மனச்சோர்வையும் எத்தனை பேர் ஒப்புக்கொள்வார்கள்?

அன்று தமிழ்நாட்டிலிருந்து வந்து பணிபுரியும் தாதி ஒருவர் கழுவும் முறையையும் ஸ்ப்ரே அடிக்கும் முறையையும் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். “தலையை நல்லாக் குனிஞ்சுக்கோங்கம்மா, வாயைத் திறந்து மூச்சு விடுங்க, பேசாதீங்க” என்று சொல்லிக்கொண்டே, 240 மில்லி புட்டியின் நீர் ஒரு துளையில் போய் மறு துளையில் வருவதை அக்காவையே செய்துகாட்டச் சொன்னார். காய்ச்சி ஆறவைத்த நீர்தான் வேண்டும், குழாய்நீரை அப்படியே ஊற்றக் கூடாது என்று வலியுறுத்தினார். மூளையைத் தாக்கும் நெக்லேரியா அமீபா மூக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது. ஸ்ப்ரேயை வலக் கையால் இடத் துளையிலும் இடக் கையால் வலத் துளையிலும் அடித்தால் மருந்து நடுத்தண்டில் படாமல் பக்கச் சுவரை நோக்கிப் போகும், இரத்தக் கசிவும் குறையும். பல ஆண்டுகள் ஸ்ப்ரே பயன்படுத்திப் பலன் இல்லை என்று சொல்பவர்களில் எத்தனை பேருக்கு இதை யாராவது செய்துகாட்டியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

வீட்டில் கோடாலித் தைலத்துக்கு நிரந்தர இடம் உண்டு. 1928இல் சிங்கப்பூரில் தொடங்கிய நிறுவனத்தின் தயாரிப்பு; தமிழ்நாட்டுக்குப் போகும் பெட்டிகளில் அது இல்லாத பெட்டி குறைவு. அதிலுள்ள மென்தால், குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டி மூக்கு திறந்தது போன்ற உணர்வைத் தருகிறது. உண்மையில் காற்றோட்டம் கூடுவதில்லை. இதமாக இருக்கிறதென்றால் தடவிக்கொள்ளட்டும், மருந்தை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்றார் மருத்துவர். கவலைப்பட வேண்டியது மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும், அடைப்பை உடனே திறக்கும் ஆக்ஸிமெட்டாசோலின் வகை ஸ்ப்ரேக்களைப் பற்றித்தான். சில நாட்களுக்கு மேல் அடித்தால், மருந்து இறங்கியதும் அடைப்பு முன்னிலும் மோசமாகத் திரும்பி, அதை விடமுடியாத பழக்கமாக்கிவிடும்.

மருந்துகளால் போதிய பலன் இல்லாததால் அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, உறவினர் சிலர் திருச்சிக்குப் போய்ச் செய்துகொள்ளச் சொன்னார்கள். செலவு குறைவு, கோயிலுக்கும் போய்வரலாம், அங்கே கைதேர்ந்த மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் எண்டோஸ்கோப் வழியாகச் செய்யும் இந்தச் சிகிச்சை, கண்ணிலிருந்தும் மூளையிலிருந்தும் சைனஸைப் பிரிக்கும் தாள்போன்ற எலும்புச் சுவரை ஒட்டிச் சதையையும் அடைப்பையும் நீக்கி, சைனஸ் அறைகளின் வாயைத் திறந்துவிடுகிறது. நோயின் வேரை அது எடுப்பதில்லை. திறந்த வாய் வழியாகக் கழுவும் நீரும் மருந்தும் உள்ளே போய்ச் சேர்வதுதான் அதன் பெரிய பயன். அதனால் முதல் சில வாரங்களில் உள்ளே படியும் பொருக்கையும் உறைந்த இரத்தத்தையும் நிபுணரே எண்டோஸ்கோப் வைத்து எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் தழும்பு ஒட்டிக்கொண்டு திறந்த வழி மூடிக்கொள்ளும். அறுவைக்குப் பின் உடனே விமானம் ஏறுவதும் நல்லதல்ல. இரண்டு வார விடுப்பில் அறுத்துக்கொண்டு திரும்புபவர் இந்தப் பகுதியை முழுவதும் இழக்கிறார்.

அக்காவுக்கு முழு மயக்கத்தில் அறுவை நடந்தது. மறுநாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மெடிசேவும் மெடிஷீல்டு லைஃப் என்ற தேசிய மருத்துவக் காப்புறுதியும் செலவில் பெரும்பங்கைத் தாங்கின. மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், கனமான பொருள் தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார்கள். கழுவும் புட்டியில் புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தைக் கலந்துகொள்ளவும் சொன்னார்கள். சுத்தம் செய்த அமர்வுகள் அவருக்கு வலித்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் வேறு மருத்துவர் பார்த்ததும் அவருக்குச் சிரமமாக இருந்தது; கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மானிய வகுப்பில் இது வழக்கம்தான் என்றாலும், நாட்பட்ட நோய்க்குத் தொடர்ந்து பார்க்கும் ஒருவர் இருப்பது எவ்வளவு முக்கியம் என்பதை நிர்வாகம் கருத வேண்டும்.

பலன் குறித்து நிபுணர் மறைக்காமல் பேசியதற்கு நான் நன்றியுடையவன். அடைப்பும் தூக்கமும் பெரும்பாலோருக்கு நன்கு சீராகும், மோப்பம் எவ்வளவு திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, சதை மறுபடி வளரலாம் என்றார். இதில் அவர் மிகைப்படுத்தவில்லை. பெல்ஜியத்தில் மூக்குச்சதை நோயாளிகளை 12 ஆண்டுகள் பின்தொடர்ந்த ஒரு சிறிய ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் நால்வருக்குச் சதை மீண்டும் வளர்ந்திருந்தது. மூன்றில் ஒருவருக்குச் சற்று மேல் மறு அறுவை தேவைப்பட்டது. இரண்டாவது எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: சதை திரும்பியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மீண்டும் அறுவைக்குப் போகவில்லை. அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தடுக்கும் டுபிலுமாப் போன்ற உயிரியல் ஊசிகளும் இன்று இருக்கின்றன. 2019இல் அமெரிக்காவில் மூக்குச்சதைக்கு ஒப்புதல் பெற்ற அந்த மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தோலடியில் போட்டுக்கொள்கிறார்கள். மோப்பத்தைத் திரும்பத் தருவதில் அது சிறந்தது. ஆனால் விலை மிக அதிகம், நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும் என்பதால், அறுவைக்குப் பிறகும் கட்டுக்குள் வராவிட்டால் பார்ப்போம் என்றார்.

நான் பெர்த் திரும்பிய பிறகு நடந்த மறுபரிசோதனையில் அக்காவின் ஸ்னாட் மதிப்பெண் 21 ஆகக் குறைந்திருந்தது. காப்பி, சாம்பிராணி, பூண்டு வதங்குவது ஆகியவை தெரிகின்றன. மெல்லிய மணங்கள் இன்னும் தெரியவில்லை. எரிவாயுக் கசிவை அறிய அத்தான் அடுப்படியில் எச்சரிக்கைக் கருவி பொருத்தியிருக்கிறார்.

எந்த ஊரில் சிகிச்சை பெற்றாலும், சிடி ஸ்கேன் படங்கள் உள்ள வட்டு, அறுவைக் குறிப்பு, நீக்கிய சதையின் திசுப் பரிசோதனை அறிக்கை ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். திசுவில் ஈயோசினோஃபில் என்ற வெள்ளையணுக்கள் எவ்வளவு இருந்தன என்பதை வைத்தே அடுத்த மருத்துவர் நோயின் வகையையும், ஊசி மருந்து பலன்தரக்கூடுமா என்பதையும் கணிப்பார். அக்கா கேட்டபோது பதிவேட்டுப் பிரிவில் சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு தந்தார்கள். ஒரு பிரதியை எனக்கும் அனுப்பிவைத்திருக்கிறார்.